காலையில் வந்தவன்

“சக்கரவர்த்தி சிலைக்குத் தூபம் போட மாட்டேன். நான் கிறிஸ்தவன்,” என்றேன். தலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அதிகாரி கொட்டாவி விட்டார். “உன் பேரு கோப்ரேஸ்தானே? காலையிலேயே போட்டியே! பலிக்கறியும் தின்னியே! வீட்டுக்குப் போப்பா.”

“ஐயா, நான் இப்பதான் வரேன்!”

“இந்த மூஞ்சி எனக்கு மறக்குமா?”

காவலர்கள் என்னை வெளியே தள்ளினார்கள். வாசலில் அதே மூஞ்சி எதிரே வந்தது. என்னோடு இரட்டையாகப் பிறந்த தம்பி ஹோரியோன். உதட்டில் கறிக்கொழுப்பு.

“பாவி, என் பேர்ல ஏன்டா போட்ட?”

“உனக்குப் புள்ளைங்க இருக்கு. எனக்கு யாரு இருக்கா?” என்றபடி உள்ளே போனான்.

“ஐயா, நான் ஹோரியோன். கிறிஸ்தவன். தூபம் போட மாட்டேன்.”

“உங்க அண்ணனே போட்டுட்டான். உனக்கென்னடா?”

“போட்டது நான் இல்லய்யா, அவன்தான்!” என்று வாசலிலிருந்து கத்தினேன்.

காவலன் கதவைச் சாத்தினான். “நீதான் தப்பிச்சிட்டியே. சாகப்போற தம்பி மேல ஏன்யா பழி போடுற?”