மாலை போட்ட படம்

1999 ஜூன் 14, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பினாங்கு டத்தோ கிராமாட்டில் இருந்த தமிழர் சங்க அலுவலகத்துக்குள் குடையும் கையுமாக ஒரு முதிய பெண்மணி நுழைந்தார்.

"உங்கட வெப்சைட்டில யோகம்மா டீச்சற்ற படம் கிடக்கு. உடனே எடுத்துப்போடுங்கோ."

வந்தவர் யாரென்று எழுத்தர் நவமணிக்குத் தெரியவில்லை. "ஏம்மா? ரிட்டையர் ஆன அன்னிக்கு மாலை போட்டு எடுத்ததுலா! நல்லாத்தானே இருக்கு?"

"அந்த மாலைதான் கரைச்சல். படத்தைப் பார்த்திட்டு நேற்று மூண்டு பேர் வீட்டுக்கு அழுதுகொண்டு வந்திட்டினம்."

நவமணி பதறி எழுந்தாள். "ஐயையோ! டீச்சர் எப்பம்மா தவறினாங்க?"

"இன்னும் இல்லைப் பிள்ளை. வந்தவைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்த யோகம்மா நான்தான்."

அப்படத்தை அன்றே நீக்குவதென்றும், அவ்விடத்தில் மாலையில்லாமல், கையில் அன்றைய நாளிதழோடு அவரைப் புதிதாக எடுத்த படத்தை இடுவதென்றும் முடிவாயிற்று.