பொய்ச் சுமை

கணினித் திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரு கணம் உச்சியைத் தொட்டு இறங்கியது.

சந்திரலேகா டீயைக் கீழே வைக்க மறந்தாள்.

பிரஸ் மெஷினுக்குள் கை போனால் அதன் முன்னால் இரண்டு தூண்களுக்கு நடுவே பாயும் ஒளித்திரை அறுபடும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை உணர்ந்து மெஷினை நிறுத்த வேண்டும். உணர்வதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் பெட்டிக்குள் இருக்கும், குறித்த நேரத்துக்குள் பதில் தந்தே ஆகவேண்டிய ரியல் டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எவ்வளவு தாமதிக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை.

சும்மா இருந்தபோது பெட்டி ஒருநாளும் தாமதித்ததில்லை. அதை நம்பித்தான் உற்பத்தி லைனுக்கு அனுப்பினார்கள்.

இன்றுதான் அதன் தலையில் பொய்ச் சுமையை ஏற்றியிருந்தாள். எல்லா மெஷின்களும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்புவதுபோல் நடிக்கும் ஒரு புரோகிராம். காலையிலிருந்து சமாளித்துவந்த பெட்டி, ஒரே ஒரு முறை, கால் விநாடிக்கு மேல் திகைத்து நின்றுவிட்டது.

கால் விநாடியில், தகட்டை அழுத்தும் அச்சு முழுதாக இறங்கிவிடும்.

இதே ரகப் பெட்டிதான் மூன்றாம் பிரஸ்ஸில். அங்கே நிற்பவன் இசக்கிபாண்டி. அவள் ஊர்க்காரன், அவள் சொல்லி வேலைக்கு வந்தவன்.

"பயப்படாதல. நீ தெரியாம கைய விட்டாலும் மிசினு நின்னுரும். டெஸ்ட் பண்ணுனது நாந்தான்" என்று முதல் நாள் அவனிடம் சொல்லியிருந்தாள். சொன்னபோது உள்ளே பெருமை பொங்கியிருந்தது.

ஓடினாள்.

லைனில் சூப்பர்வைசர் ஜெகதீஷ் சிரித்தார். "இன்னா மேடம், ஏசி ரூம்ல கரண்ட் பூட்ச்சா?"

"மூணாம் பிரஸ்ஸ நிறுத்துங்க சார். கை உள்ள போனா அது நிக்காது."

ஜெகதீஷின் சிரிப்பு போயிற்று. ஆனால் அவர் அதிர்ச்சி அடையவில்லை. தரையைப் பார்த்தார்.

பதில் இசக்கிபாண்டியிடமிருந்து வந்தது. அச்சு தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"அந்த லைட்டா? அத கழத்தி விட்டு ரெண்டு மாசமாச்சுக்கா. கை நீட்டுறப்பல்லாம் மிசினு நின்னா டார்கெட் எப்டி வரும்?"

ஒளித்திரையின் இரண்டு தூண்களும் அணைந்து கிடந்தன. ஒன்றில் அவன் துண்டு தொங்கியது.

அப்படியானால் இந்த இரண்டு மாதமும் அவள் நிம்மதியாகத் தூங்கியது எதை நம்பி? அவன் கையைக் காத்தது அவள் பெட்டி இல்லை. தகட்டை வைத்துவிட்டு, அச்சு இறங்குவதற்குள் விரல்களை உருவிக்கொள்ளும் அவன் வேகம்.

கை உள்ளே போனது. வெளியே வந்தது. அச்சு இறங்கியது.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கி நகர்ந்தாள். ஜெகதீஷ் அதன் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"எப்பம்ல ஷிஃப்டுக்கு வந்த?" இசக்கிபாண்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"நேத்து செகண்ட் ஷிஃப்டுக்கா. மாத்த ஆள் வரல, அப்டியே ஓ.டி. நிக்கேன்."

சொல்லிவிட்டு, கண்கள் மூடிக்கொள்ள, நீளமாக ஒரு கொட்டாவி விட்டான்.

கை உள்ளே இருந்தது.