சர்க்கரைக் கிண்ணம்

தட்டு அவர் பக்கம் வந்துகொண்டிருந்தது.

தட்டில் டீ. இடுப்பு ஒடுங்கிய குட்டிக் குட்டிக் கண்ணாடி டம்ளர்கள். ஒரு கிண்ணம் நிறைய சர்க்கரைக் கட்டிகள். தட்டைப் பிடித்திருந்தது செண்பகவல்லி டீச்சர்.

போச்சுடா, என்று உட்கார்ந்திருந்தார் மனிதர்.

எல்லாம் அந்த கைடு பொண்ணு நிகார் கிளப்பிவிட்டது. சாப்பிட்டோமா, கிளம்பினோமா என்று விட்டிருக்கலாம். அஜர்பைஜான் டூரில், ஷேக்கி என்கிற ஊரில் ஒரு வீட்டு முற்றம். மல்பெரி மர நிழல். மண்கலயத்தில் வெந்த ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும், அந்தச் சாற்றில் பிய்த்துப் போட்ட ரொட்டியுமாக எல்லோருக்கும் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது. அப்போது பார்த்து அவள் தங்கள் ஊர்ப் பழக்கத்தை எடுத்துவிட்டாள்.

இங்கே பெண் கேட்டுப் போனால் பதிலை வாயால் சொல்ல மாட்டார்களாம். டீ வருமாம். சர்க்கரை போட்டு வந்தால் சம்மதம். போடாமல் வந்தால், குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போக வேண்டியதுதான்.

கூட டூர் வந்த தூத்துக்குடி ஜான்சியக்காவுக்கு இது போதாதா?

"டீச்சர்தான் பொண்ணு வீடு! நாங்கல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க!"

ஒரே கைதட்டல். வீட்டுக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கி டீச்சர் கையில் கொடுத்துவிட்டாள்.

மற்றவர்களுக்கு அது விளையாட்டு.

அவருக்கு அப்படி இல்லை. ஏனென்றால் அவர் நிஜமாகவே கேட்டிருந்தார்.

தலைநகர் பாகுவுக்கு வெளியே ஒரு குன்று. அதன் அடியில் நெருப்பு தன்பாட்டுக்கு எரிகிறது. மழையிலும் அணையாதாம். அதன் முன்னால் நின்றபோது எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது மனிதருக்கு. கோவில்பட்டியில் ஒரே தெருவில் இத்தனை வருஷம் இருந்தும் வராத தைரியம்.

"ஊருக்குப் போனதும் நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா என்ன டீச்சர்?"

காற்று அவருடைய தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. டீச்சர் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பஸ் கிளம்பிரும் சார்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டீச்சர் பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்கு மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். டீச்சருக்குக் கணவர் இல்லை. அஜர்பைஜான் போறேன், நீங்களும் வாறீங்களா சார் என்று கேட்டதே டீச்சர்தான். அதை நம்பித்தான் பெட்டியைக் கட்டினார். புதுச் சட்டை தைத்தார். தலைக்குச் சாயம் அடித்தார். சுகர் மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்து, பாத்ரூமுக்குப் போய் முழுங்கிக்கொண்டிருந்தார். பெண் கேட்கப்போகிற மனிதன் இதையெல்லாம் பறைசாற்றிக்கொண்டா திரிவான்?

இப்போது பெண்ணும் போய், பேச்சுத் துணையும் போய்விடும்போல் இருந்தது.

காலையில் கடைத்தெருவில் நடந்தது அதைவிட மோசம். இந்த ஊர் அல்வாவுக்கு ரொம்பப் பேராம். டீச்சர் ஒரு பெட்டி வாங்கி பஸ் முழுக்கக் கொடுத்தார். ஜான்சியக்காவுக்கு இரண்டு துண்டு. டிரைவருக்குக்கூட உண்டு. அவரும் கையை லேசாக நீட்டினார். டீச்சர் பெட்டியை மூடிக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நீட்டிய கையால் தலையைக் கோதிக்கொண்டார், பாவம்.

தட்டு இப்போது ஜான்சியக்காவிடம் நின்றது. சர்க்கரை விழுந்தது. "சம்மதம்!" என்று கூச்சல். அடுத்து நிகாருக்கு. சர்க்கரை. மறுபடியும் கூச்சல்.

அவர் முறை.

டீச்சரின் கை டம்ளரை எடுத்தது. அவர் முன்னால் வைத்தது.

கிண்ணத்தின் பக்கம் போகவே இல்லை.

"ஐயையோ, சாருக்கு மட்டும் இல்லையாம்ல!"

முற்றமே சிரித்தது. அவரும் சிரித்தார். வேறென்ன செய்வது? டீ நல்ல சிவப்பாக இருந்தது. அதற்குள் மல்பெரி இலைகளின் நிழல் ஆடியது. எவ்வளவு அழகான ஊர், இங்கே வந்தா இது நடக்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

பெஞ்சு அசைந்தது.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மடியில் தட்டு. தட்டில் மிச்சமிருந்த ஒரே டம்ளர். டீச்சர் அதில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டார்.

கொஞ்சம் யோசித்து, இன்னொன்றையும் போட்டார்.

கலக்கினார். கரண்டி கண்ணாடியில் பட்டுக் கிணுகிணுத்தது.

"உங்களுக்கும் சேத்து இதுலயே போட்டாச்சு" என்றார், டம்ளரைப் பார்த்தபடி. "பையில மாத்திரையை வச்சுக்கிட்டு அல்வா வேற கேக்குதாக்கும்!"

வழக்கம்போல் சார் என்று முடிக்கவில்லை.

அவர் தம் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொசுங்கியது. பொசுங்கினால் பொசுங்கட்டும் என்று இருந்தது.

காலி டம்ளரை வீட்டுக்கார அம்மாள் நிறைத்தாள். பாவம் இந்த மனுஷன் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது அவளுக்கு. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து அவர் பக்கம் கொண்டுவந்தாள்.

அவர் உள்ளங்கையால் டம்ளரை மூடிக்கொண்டார்.