பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

"இன்னிக்கு அந்தக் கைய ஒடிக்காம வுட்டா நான் அமலநாதன் இல்ல!" என்று பல்லைக் கடித்தான் லாரி டிரைவர். டீக்கடைக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, குடோனுக்குள் புளி மூட்டைகளுக்குப் பின்னால் ஜாக்கி ராடோடு பதுங்கியிருந்தான்.

ஒரு மாதமாக யாரோ அவன் உயிருக்குக் குறி வைத்திருக்கிறார்கள். ஒடுகத்தூரிலிருந்து மலையேறி இந்தக் குடோனுக்கு வந்து, டீ குடித்துத் திரும்பினால் போதும். மூக்கு நீண்ட அவன் பழைய லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்! முன்சக்கரத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

முதல்நாள் தெரியாமல் அதன்மேல் ஏற்றிவிட்டான். வீடு போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல். வண்டியில்தான் மாதா படம் இருக்கிறதே என்று மனைவி தெரசம்மாள் தேற்றிப் பார்த்தாள். இருந்தால் என்ன, செய்வினை செய்வினைதானே!

அன்றிலிருந்து கீழே இறங்கிச் சுற்றிப் பார்க்காமல் அவன் ரிவர்ஸ் எடுப்பதில்லை. நேற்றும் அப்படித்தான். பின்னால் உட்கார்ந்து, சிந்திய புளியைப் பொறுக்கிக்கொண்டிருந்த காது கேளாத குப்பம்மாளைத் தோளைத் தட்டி விலக்கிவிட்டு, பழத்தைக் குச்சியால் தள்ளினான். பிறகுதான் வண்டியில் ஏறினான்.

இப்போது லாரிப் பக்கம் வளையல் சத்தம். ஒரு கை லாரிக்கு அடியில் நீண்டது. பாய்ந்து பிடித்தான்.

மங்கம்மாள்! மூட்டை தைக்கிறவள். அவன் பசித்த முகத்தோடு வந்தால் தன் கூழில் பாதியைக் கொடுப்பவள்.

"அடிப்பாவி! நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? ரெண்டு பொட்டப்புள்ளிங்கள வெச்சிருக்கேன், என்னைக் கொல்லவா பாக்குற?"

அவள் கையை உதறவில்லை. "கொல்லவா? பின்னாடி ஆளுங்க இருக்காங்க, எறங்கிப் பாத்துட்டு எடுங்கண்ணேன்னு ஆறு மாசமா தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேனே!"

"ஆரன் அடிச்சிட்டுத்தானே எடுக்கறேன்?"

மங்கம்மாள் லாரிக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே குப்பம்மாள், முதுகைக் காட்டிக்கொண்டு, இவர்கள் போட்ட கூச்சல் எதுவும் தெரியாமல் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக்காவுக்கு ஆரன் கேக்காதுண்ணே. நான் கத்துனா நீங்க எறங்க மாட்டீங்க, எலுமிச்சம்பழம்னா எறங்கறீங்க!"