நின்றுபோன மீட்டர்

“எல்லாம் நீ தனியாத்தான் செஞ்சதா?”

வந்திருந்த இருவரில் உயரமானவர் சிரித்தபடி கேட்டார். அவருடைய தமிழில் சிங்களச் சாயல் இருந்தது.

“ஆமாங்க சேர். ஒத்த ஆளுதான்” என்றான் அழகுமுத்து.

அது முழு உண்மையில்லை. குண்டு பல்புகளைக் கழற்றி டியூப் லைட் போட்ட அன்று ஏணியைப் பிடித்தது கன்டீன் பலீல். ஆனால் பெயரைப் பங்கு போடுகிற நேரமா இது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்லூரியின் பொழுதுபோக்கு மண்டபத்தைக் கூட்டித் துடைத்துக் காவல் காப்பவன் அழகுமுத்து. எட்டு வருடமாய் நாட்சம்பளம். மழை பொய்த்து நாடெங்கும் மின்வெட்டு நடந்த நேரம். “மண்டபத்தில கரண்டைப் பாதியாக் குறைச்சுக் காட்டு. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன்” என்றிருந்தார் பொறுப்பாளர் கொன்ஸ்ரன்ஸ் மிஸ். குறைந்ததா என்று பார்க்க இன்றைக்கு இரண்டு பேர் வருவார்கள் என்றும் சொல்லியிருந்தார். சொன்னபடியே இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

“இங்கன பாருங்க சேர். கெரம் வெளையாடுற பலகைய ஜன்னலோரம் போட்டாச்சு. பகல்ல லைட்டே வேணாம்.”

இருவரும் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

“ஊர் எது?”

“பதுளப் பக்கம் தோட்டங்க. இப்ப மட்டக்குளி.”

“யாழ்ப்பாணம் போயிருக்கா?”

அழகுமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

“வவுனியாவக்கூட கண்டதில்லீங்க.”

“கரண்ட் வேலை யார் படிச்சுக் குடுத்தது?”

“யாருமில்லீங்க. நானே பாத்துப் பாத்துப் பழகுனது.”

குள்ளமானவர் குறித்துக்கொண்டார். எதற்கு இதையெல்லாம் எழுதுகிறார்? எழுதட்டும், நல்லதுக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

“பின்பக்க வயர்?”

அப்பாடா! விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

“அதுதாங்க பெரிய வேல! மெயின் சுவிச்ச அமத்துனாலும் மீட்டர் சுத்திக்கிட்டே இருந்திச்சு. மண்டை கொழம்பிப் போச்சு சேர். மூணு நாளாத் தேடுனா, மீட்டர் கிட்டருந்து ஒரு வயரு கொடிக்குள்ள ஒளிஞ்சு மதிலத் தாண்டிப் போகுது. ரெண்டாள் ஒசர மதிலு, அந்தாண்ட என்னன்னு யாரு கண்டா? நேத்துப் பொழுதுபட வெட்டிட்டேன். மீட்டர் அப்புடியே நின்னுபோச்சு!”

“தெரிஞ்சுதான் வெட்டினது?”

“நல்லாத் தெரிஞ்சுதாங்க. மூணு நாள் யோசிச்சு வெட்டுனது.”

“அப்ப கையெழுத்து வை.”

காகிதம் முழுக்கச் சிங்களம். ஓர் எழுத்தும் அவனுக்குத் தெரியாது. நிரந்தர வேலைக்கு எழுதுவதென்றால் சிங்களத்தில்தானே எழுதுவார்கள்? கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, பெயரை முழுதாக எழுதினான்.

கொன்ஸ்ரன்ஸ் மிஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“அழகுமுத்து, பார்க்க வாற ஆக்கள் திங்கக்கிழமைதான் வருவினமாம். இப்பதான் போன் வந்தது.” இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவையள் ஆர்?”

குள்ளமானவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். உயரமானவர் அழகுமுத்துவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அதே சிரிப்போடு சொன்னார்:

“மதிலுக்கு அந்தப் பக்கம் ஆமி காவல் நிக்கிற சென்றி, மிஸ். நேத்து ராவு முழுக்க அங்க லைட் இல்ல.”