தட்டில் இல்லாத மாதுளை

"மாதுளை மட்டும்தானா? பீச்சும் புத்தர்கையும் எங்கே?"

கேட்கும்போதே எனக்குச் சூடேறிவிட்டது.

சீனத்துப் பீங்கான் ஊரான ஜிங்டேஜென்னில் பழைய பீங்கான் வாங்கி விற்கிறவன் நான். ஹூ அக்கா வீட்டுப் படையல் தட்டில் இருக்கும் மூன்று பீங்கான் பழங்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். பேரரசர் காலத்துச் சரக்கு. பீச் ஆயுளுக்கு, விரல் விரலாகப் பிரிந்த எலுமிச்சையான புத்தர்கை பாக்கியத்துக்கு, மாதுளை பிள்ளைகளுக்கு. அதில் ஒன்றை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நிற்கிறாள்.

"செட்டைப் பிரிச்சா எவனும் சீந்த மாட்டான், அக்கா! மூணையும் கொண்டா."

"மத்த ரெண்டும் தட்டுலயே இருக்கட்டும். இது மட்டும் என் வீட்டுல இருக்கக் கூடாது."

புரிந்துவிட்டது. அவள் மருமகள் ரூஃபென்னுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நாளை மறுநாள் புத்தாண்டு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் வந்து அந்தத் தட்டு முன்னாடிதான் கும்பிடுவாங்க. மாதுளை இல்லேன்னா அந்தப் பொண்ணு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுக்குவா?"

"கத்தாதே தம்பி. நான் விக்க வரலை. உன் பெட்டியில பூட்டி வை. வித்தேன்னு தெரிஞ்சுது, கடையைக் கொளுத்திடுவேன்."

"விக்கவும் இல்லையா? அப்புறம் எதுக்குக் காலங்காத்தால என் உயிரை எடுக்கிறே?"

அவள் வாசலில் கிடந்த உடைசல் கூடையைக் கிளறி, அதே சிவப்பில் நாலைந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

"இது எதுக்கு?"

"மாதுளை விழுந்து ஒடைஞ்சு போச்சுன்னு காட்டணும்."

"அட, அதுக்கு இதையே கீழே போட வேண்டியதுதானே!"

"வாயைக் கழுவு!" துணியோடு மாதுளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது ரூஃபென்னுக்குப் பொறக்கப் போற பிள்ளைக்கு."



"பின்னே ஏன் மறைக்கிறே?"

"வருஷா வருஷம் என் நாத்தனாருங்க இதைத் தட்டுலேர்ந்து எடுத்து அவ மடியில வெச்சு, 'எப்போடி பழுக்கும்?'னு சிரிக்கிறாங்க. அவ உள்ளே போய் அழறா." சில்லுகளைக் கைப்பையில் போட்டு மூடினாள். "இந்த வருஷம் அவங்க வாய்க்குத் தீனி, கை நடுங்கி மாதுளையை ஒடைச்ச கிழவியா இருக்கட்டும்."