எட்டுக் கிலோ

சர்க்கரை குறைந்த தீனி பற்றிய என் ஆய்வுக்காக எங்கள் ஸ்வீடன் பல்கலைக்கழக லாயத்துக்கு வந்தது டுஸ்ஸெ. குட்டைக் குதிரை, குளம்பு நோய். இளைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கருணைக்கொலை ஊசிதான். காய்ந்த புல்லை நானே நிறுத்துப் போட்டேன். ஆறு வாரத்தில் எட்டுக் கிலோ ஏறியிருந்தது!

“யாரோ திருட்டுத்தனமா தீனி குடுக்கறாங்க, இங்கெர்!” என்று பேராசிரியையிடம் கத்தினேன்.

“என்னை ஏன் முறைக்கறே? சிக்ஸ்டனைக் கேளு.”

லாயக்காரர் சிக்ஸ்டன் சிரித்தார். “நானா? எம் பொண்டாட்டிக்கே ஒரு மிட்டாய் வாங்கிக் குடுத்ததில்லப்பா!”

குதிரைகள் குட்டி போடும் பருவத்தில் மாட்டிய கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

காலையில் இங்கெர், கேரட்டோடு. மதியம் சிக்ஸ்டன், முறுகல் ரொட்டியோடு. மாலையில், பத்தியம் எழுதிக் கொடுத்த கால்நடை மருத்துவரே! ஒவ்வொருவரிடமும் டுஸ்ஸெ தலையைச் சாய்த்து, கீழுதடு நடுங்க, நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல் கெஞ்சியது.

துரோகி!

அந்த முகத்தை எனக்கு மட்டும்தான் காட்டுகிறது என்று நம்பித்தானே, தினமும் ஒரு ஆப்பிள் கொடுத்துக்கொண்டிருந்தேன்!